பயற்றுப் பானைக்கு இரண்டு லீற்றர்

இரவு முழுக்க ஊறின கௌபி, காலையில் இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கொதித்தும் விரலுக்கு நசியவில்லை என்றால் பழி இரண்டு பேரில் ஒருவர் மேல் விழும். பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். இல்லாவிட்டால் பதம் தெரியாமல் அவித்துவிட்டாள் என்று வீட்டில் சமைக்கிறவளைக் குறை சொல்வார்கள். பானைக்குள் ஊற்றிய தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று திருகோணமலைக்கு வடக்கே நீளும் கரையோரத்தில் முதலில் விசாரிக்கப்பட வேண்டியது அந்தத் தண்ணீர்தான் என்பது என் வாதம். அதைத் தீர்க்க வீடு முழுவதற்கும் மென்னீர் கொண்டுவர வேண்டியதுமில்லை. ஒரு பானைப் பயற்றை ஊறவைத்து அவிக்க இரண்டு லீற்றர் போதும். நீர் வழங்கல் என்றாலே பெரிய குழாய், பெரிய தாங்கி, பெரிய நிதி என்று பேசிப் பழகிய நமக்கு இந்தச் சிறிய அளவு கண்ணில் படாமலே போய்விட்டது.

இலங்கையின் உலர் வலயத்து நிலத்தடி நீர் பொதுவாகவே வன்னீர். மழை ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் ஒழுங்காகப் பெய்கிறது. மீதிக் காலம் வெயில் நீரை வற்றச் செய்ய, பாறையிலும் மண்ணிலும் இருந்து கரைந்த கல்சியமும் மகனீசியமும் கிணற்றில் செறிகின்றன. கரையோரத்தில் இதற்கு மேல் கடலும் சேர்கிறது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. கிணற்று மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர்களின் பழைய கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கீழிருந்து உவர் பல மடங்கு ஏறிவரும் என்பது புரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளுக்குள் கடலையே ஊற்றிவிட்டுப் போனது. துப்புரவு செய்கிறோம் என்று மோட்டார் போட்டு மிதமிஞ்சி இறைத்த இடங்களில் உவர் மேலும் ஏறியது. இன்று கிணற்றிலிருந்து கூரைத் தாங்கிக்கு ஏற்றி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், திருகினால் வருகிறது என்பதற்காக மென்னீராகிவிடாது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையும், நுரைக்காமல் திரிந்து மிதக்கும் சவர்க்காரமும் அதற்குச் சாட்சி.

அந்த வெள்ளைப் படைக்கும் அவியாத கௌபிக்கும் என்ன தொடர்பு? பயற்று மணிக்குள் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது பெக்டின் என்னும் பொருளால். செங்கற்களுக்கு இடையில் பூசிய சாந்து செய்கிற வேலையை அது செய்கிறது. அவிதல் என்று நாம் சொல்வது, பெரும்பங்கு இந்தப் பெக்டின் சூட்டில் கரைந்து, கலங்கள் பிரிந்து, மணி மாவாகத் தளர்வதுதான். கல்சியமும் மகனீசியமும் இரட்டை மின்னேற்றம் கொண்ட அயன்கள். ஒரு பெக்டின் இழையை ஒரு பக்கமும் இன்னொன்றை மறுபக்கமும் பிடித்து இரண்டையும் பூட்டிவிடும். பூட்டிய பெக்டின் கொதிநீரிலும் இலகுவில் கரையாது. இந்த நாட்டின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 வன்மைக்கு வைத்திருக்கும் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிறாம். கல்சியங்காபனேற்றாகக் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. வன்மை முழுவதும் கல்சியத்தால் வந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லையில் நிற்கும் தண்ணீரில் லீற்றருக்கு 100 மில்லிகிறாம் கல்சியம் இருக்கும். ஊறவைக்க ஒரு லீற்றர், அவிக்க ஒரு லீற்றர் என்று எடுத்தால் 200 மில்லிகிறாம். கால் கிலோ கௌபியில் இயல்பாகவே இருக்கும் கல்சியமோ ஏறத்தாழ 250 மில்லிகிறாம். அதாவது, தரத்துக்கு உட்பட்ட, குடிக்கத் தடையில்லாத தண்ணீரே மணிக்குள் இருக்கும் கல்சியத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவை வெளியிலிருந்து கொண்டுவந்து நீட்டுகிறது. எல்லாம் மணிக்குள் போய்விடாதுதான். ஆனால் எல்லையைத் தாண்டிய கிணறுகளில் நிலைமை எப்படியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பட்டாணியைத் தகரத்தில் அடைக்கும் மேலை நாட்டு ஆலைகள் வன்னீரில் அவித்தால் தோல் தடிக்கும் என்று நெடுங்காலமாக அறிந்து, தண்ணீரை மென்மையாக்கித்தான் வேலை செய்தன. அதே அறிவை மறுபக்கமாகப் பயன்படுத்தி, தகரத் தக்காளி குழைந்து போகாமலிருக்கக் கல்சியங்குளோரைட்டுச் சேர்க்கிறார்கள். ஆக்ராவின் பேட்டா இனிப்புக்கு நீற்றுப்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும் பாகில் கொதிக்கும்போது துண்டு குலையக்கூடாது என்பதற்காகவே. பூசணியை இறுக்க வேண்டும் என்று தெரிந்தே சுண்ணாம்பு போடுகிறவர்கள் இருக்கும்போது, நாம் தெரியாமலே அதே வேலையைக் கௌபிக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: தண்ணீரில் ஒன்றுமில்லை, பயறுதான் பழசு. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. 1946இல் மாட்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் பட்டாணி அவியும் தன்மையை அதிலுள்ள பைட்டிக் அமிலத்தோடு தொடர்புபடுத்திக் காட்டினார். பயற்று மணிக்குள் இருக்கும் பைட்டிக் அமிலம் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. சூடும் ஈரப்பதனும் கூடிய இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த அமிலம் சிதைந்து, பிடிபட்டிருந்த கல்சியம் விடுபட்டுப் பெக்டினிடம் போய்ச் சேர்கிறது என்பது இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. தகரக் கூரைக் கடையின் பின்னறையில் சாக்கோடு ஒரு கோடையைக் கழித்த கௌபிக்கு நேர்வது இதுதான். ஆகவே பழைய பயறும் வன்னீரும் இரண்டு தனிக் குற்றவாளிகள் இல்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே கல்சியம். பழைய பயறு ஏற்கெனவே பாதி பூட்டிய நிலையில் வருகிறது, வன்னீர் மீதிப் பூட்டைப் போடுகிறது. எது கூடுதல் காரணம் என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே பையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றைக் கிணற்று நீரிலும் மற்றதை மழைநீரிலோ சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கிய நீரிலோ ஊறவைத்து, ஒரே நேரம் அவித்துப் பார்த்தால் போதும். இரண்டும் கல்லாகக் கிடந்தால் கடைக்காரரோடு பேசலாம். ஒன்று மட்டும் கல்லாக இருந்தால் அவரை விட்டுவிட வேண்டும். இன்னொரு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: காலையில் ஊறிய பயற்றைக் கையால் அளைந்தால் அடியில் சில மணிகள் பருக்காமல், பளபளப்புக் குறையாமல் சின்னதாகவே கிடக்கும். அவை தோலே தண்ணீரை உள்ளே விடாத மணிகள். பச்சைப்பயற்றில் அதிகம் காணலாம். அவற்றை எந்தத் தண்ணீரும் ஊறவைக்காது, பொறுக்கி எறிய வேண்டியதுதான். ஆனால் நன்றாக ஊதிப் பருத்தும் அவியாமல் நிற்கும் மணி வேறு. நம் பிரச்சினை அது.

இரண்டாவது மறுப்பு இந்தக் கரைக்கே உரியது. உப்புப் போட்டு ஊறவைத்தால் பயறு மெதுவாகும் என்கிறார்களே, நம் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே சவர்தானே, அது ஏன் மெதுவாக்கவில்லை? கேள்வி நியாயமானது, விடையும் சுவையானது. சோடியம் ஒற்றை மின்னேற்றம் கொண்டது. போதிய அளவு இருந்தால் பெக்டினைப் பூட்டியிருக்கும் கல்சியத்தை நகர்த்திவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்காரும். தான் பூட்டுப் போடாது. எனவே உப்புநீரில் ஊறிய பயறு வன்னீரில் அவித்தாலும் கூடுதலாகத் தளர்கிறது. உப்புப் போட்டால் பயறு இறுகும் என்ற பழைய நம்பிக்கை ஊறவைக்கும் கட்டத்துக்குப் பொருந்தாது. ஆனால் கடல்நீரில் சோடியம் மட்டும் இல்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 10.8 கிறாம் சோடியத்தோடு 1.3 கிறாம் மகனீசியமும் 0.4 கிறாம் கல்சியமும் இருக்கின்றன. வன்மையாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 6,000 மில்லிகிறாமைத் தாண்டும். அந்த நீர் நிலத்துக்குள் புகும்போது இன்னொன்றும் நடக்கிறது. மண்ணிலுள்ள களி கடல்நீரின் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த கல்சியத்தை விடுகிறது. கிணற்றுக்கு வந்து சேரும்போது பயனுள்ள சோடியம் குறைந்து, பயற்றுக்கு ஆகாத கல்சியம் கூடிவிடுகிறது. நாக்குக்குச் சவராகத் தெரியும் தண்ணீர் பயற்றுக்கு உப்புநீராக வேலை செய்யாததன் காரணம் இதுதான்.

உப்பை நாமாகச் சேர்ப்பது வேறு கதை. லீற்றருக்கு 15 கிறாம், மேசைக்கரண்டி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இரவு முழுக்க ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி அவிக்க வேண்டும். நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களை அறிந்தவர்களுக்கு ஒரு கவனம். கடல்நீர் வற்றும்போது கல்சிய உப்புகளுக்குப் பிறகு படிவது சோற்றுப்பு. மகனீசியம் கடைசிவரை கசப்பு நீரில் நிற்கும். அந்த நீர் முழுதாக வடியாத கட்டியுப்புத்தான் மாரி காலத்தில் சாடிக்குள் கசிந்து நனைகிறது. கசியாத, உலர்ந்த உப்பு இந்த வேலைக்கு நல்லது. கிடைக்காவிட்டால் கட்டியுப்பும் உதவும், சோடியம்தான் அதிலும் பெரும்பங்கு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மணி கொஞ்சம் உப்பை உள்வாங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கறியில் உப்பைக் குறைக்க வேண்டும்.

அப்பச்சோடா இருக்கும்போது இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. சோடா வேலை செய்கிறது, மறுக்கவே முடியாது. காரத்தன்மை கூடினால் பெக்டின் இழைகள் சூட்டில் விரைவாக அறுபடும், தண்ணீரிலுள்ள கல்சியத்திலும் ஒரு பங்கு படிந்துவிடும். ஆனால் அதே காரத்தில் தயமின் என்ற விற்றமின் பி1 அழிகிறது. தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை மூன்று வேளையும் நம்பியிருக்கும் வீட்டில் தயமின் வந்து சேரும் முக்கிய வழிகளில் ஒன்று பயறு. சோற்றில் இழந்ததைப் பயற்றில் மீட்கப் போய், பயற்றிலும் இழப்பது நல்ல கணக்கில்லை. கொஞ்சம் கூடிப்போனால் சவர்க்கார வாசமும் வழுவழுப்பும் வேறு. பழைய கௌபி ஒரு பை கையில் இருக்கிறது, வீச மனமில்லை என்றால், ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சோடா போட்டு அந்த நீரைக் கொட்டிவிடலாம். அன்றாட வழக்கமாக்குவதற்கு அது உகந்ததில்லை.

பிறஷர் குக்கர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பவர்களிடமும் ஓரளவு நியாயம் உண்டு. அழுத்தத்தில் நீர் 120 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது, நேரம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் வன்னீர் அங்கேயும் வன்னீர்தான். கூடுதல் விசில், கூடுதல் எரிபொருள் என்று விலை கேட்கும். 2022 ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டரின் விலை ஒரே தாவலில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றதையும் இந்த நாடு மறந்திருக்க முடியாது. அப்படியான காலத்தில் இரண்டு மணித்தியாலம் அவியும் பயறு முதலில் கைவிடப்படும் உணவாகிறது. அந்த இடத்துக்கு வருவது மைசூர்ப் பருப்பு. தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, மெல்லியதாக இருப்பதால் வன்னீரிலும் அது எப்படியோ அவிந்துவிடும். நல்ல உணவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. டொலர் ஏறினால் விலை ஏறும். கௌபியும் பயறும் நம் உலர் வலய மேட்டுநிலத்தில், குறைந்த நீரில் விளைபவை. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் எம்.ஐ. 35 போன்ற கௌபி இனங்களை இந்த வெயிலுக்கென்றே உருவாக்கித் தந்திருக்கிறது. உள்ளூரில் விளைவது உள்ளூர்த் தண்ணீரில் அவியாமல் போவதால் வீட்டுச் சந்தையை இழக்கிறது என்றால், அது சமையலறையோடு முடிகிற விடயமா? அடுப்படியில் நின்று விறகு தள்ளும் பெண்ணின் காலை நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை எந்தத் திணைக்களமும் கணக்கில் எடுப்பதில்லை.

இனி அந்த இரண்டு லீற்றர் எங்கிருந்து வரும் என்பதைப் பார்க்கலாம். மிக எளிய வழி, கிணற்று நீரையே முதலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை வடித்து எடுப்பது. கேத்தலில் படியும் வெள்ளை, தண்ணீரிலிருந்து வெளியேறிய கல்சியம்தான். ஆனால் இது இருகாபனேற்றாகக் கரைந்திருக்கும் வன்மைக்கு மட்டும் பொருந்தும். கடல் கலந்த கிணற்றில் குளோரைட்டாக இருக்கும் வன்மை எவ்வளவு கொதித்தாலும் போகாது. கொதித்து ஆறிய நீரில் சவர்க்காரம் முன்பைவிட நன்றாக நுரைக்கிறதா என்று பார்த்தால் உங்கள் கிணறு எந்த வகை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது வழி, குடிப்பதற்கென்று சுத்திகரிப்பு நிலையங்களில் வாங்கும் நீர். சமையலுக்கு அதைச் செலவழிப்பது ஊதாரித்தனம் என்ற எண்ணம் இருக்கிறது. சோற்றுக்கும் கறிக்கும் அது சரி. பயற்றுக்கு மட்டும் இரண்டு லீற்றர் எடுத்தால், மிச்சமாகும் விறகோ எரிவாயுவோ அந்தச் செலவை ஈடுசெய்யும்.

மூன்றாவது வழியே எனக்கு மிகவும் உவப்பானது: மழைநீர். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி காலத்தில். 2005இல் அரசு மழைநீர்ச் சேகரிப்புக் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தாங்கிகளைப் பற்றியே இருக்கிறது, அதைக் கேட்டதும் வசதியற்ற குடும்பம் ஒதுங்கிக்கொள்கிறது. பயற்றின் கணக்கு வேறு. கிழமைக்கு மூன்று நாள் பயறு அவித்தால் 6 லீற்றர். பெப்ரவரி முதல் செப்டெம்பர் கடைசிவரை 35 கிழமை என்று வைத்தாலும் 210 லீற்றர். அது ஒரு பெரல். பத்துச் சதுரமீற்றர் கூரையில் 21 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்தப் பெரல் நிரம்பிவிடும். கார்த்திகையில் ஒரு நல்ல மழையே அதற்குப் போதும். பருவத்தின் முதல் மழைகளில் கூரையிலுள்ள தூசியும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் கழுவிப் போகட்டும், பிறகு பிடிக்கலாம். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ நல்லது, அஸ்பெஸ்டஸ் கூரையைத் தவிர்க்கலாம். டெங்கு பெருகாதா என்று கேட்பது நியாயமே, 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்காது. மூடியில்லாத பெரல் வைக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. இறுக்கமான மூடியும், நீர் விழும் வாயில் நுளம்பு புகாத வலையும், அடியில் ஒரு குழாயும் இருந்தால் போதும். எப்படியும் அந்த நீர் பயற்றோடு சேர்ந்து கொதிக்கத்தான் போகிறது.

தண்ணீரைத் திருத்திவிட்டு வேறு வழியால் கல்சியத்தை உள்ளே விடாமலிருப்பதும் முக்கியம். பனங்கட்டியிலும் கருப்பட்டியிலும் கல்சியம் உண்டு, புளியும் தக்காளியும் அமிலம். இரண்டுமே பெக்டினைக் கரையவிடாது. மணி நசிந்த பிறகே இவை பானைக்குள் போக வேண்டும்.

வன்னீரைப் பற்றிப் பேசினால் சிறுநீரக நோய்க்குப் பேச்சு போய்விடும். அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவற்ற நாட்பட்ட சிறுநீரக நோய் நம் மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பகுதியையும் தொட்டிருக்கிறது. வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் உடல் நீர் வற்றுதல் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒன்று தீர்மானமாக நிறுவப்படவில்லை. வன்மைக்கென்று உடல்நல அடிப்படையில் எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. அதனால் வன்னீரை நஞ்சென்று சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. பயறு அவிவதற்கு வன்னீர் தடை என்பதற்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்த சிறிய தீங்கை, நிச்சயமில்லாத பெரிய தீங்கின் நிழலில் நிறுத்தி மறந்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வீட்டளவில் செய்யக்கூடியது இவ்வளவு என்றால், பொதுவில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குச்சவெளிப் பிரதேசத்தில் ஒரு குடும்பம் தன் கிணற்றின் வன்மை எவ்வளவு என்று அறிய இன்று எளிய வழி இல்லை. அந்த அளவீடு பெரிய வித்தையில்லை. ஈடீடிஏ கரைசலும் ஒரு நிறங்காட்டியும் ஓர் அளவியும் இருந்தால், நிறம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் இடத்தில் எண் கிடைத்துவிடும். உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவருக்குப் பழக்கமான வேலைதான். பிரதேச சபை சிறிய செலவில் இரசாயனப் பொருள்களைத் தர, பாடசாலை ஆய்வுகூடங்கள் ஊர்க் கிணறுகளை அளக்க, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வாளர்கள் சில மாதிரிகளைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பொதுக் கிணற்றின் கட்டிலேயே அந்த எண்ணைத் திகதியோடு எழுதிவைக்க வேண்டும். ஒருமுறை அளந்து பலகை மாட்டிவிட்டுப் போனால் பயனில்லை. மாரி முடிந்து கிணறு நிரம்பி நிற்கும் பெப்ரவரியில் ஒரு தடவை, அடிமட்டம் தெரியும் செப்டெம்பரில் ஒரு தடவை என்று ஆண்டுக்கு இருமுறை அளக்க வேண்டும். ஏனென்றால் அதே கிணறு இந்த இரண்டு மாதங்களிலும் இரண்டு வேறு தண்ணீரைத் தருகிறது.